அழைப்பைத் திருப்பி அனுப்பியது என் மகள் அல்ல

அனுப்புநர்:
ஸ்டோர் கீப்பர்,
சமையற்கூடப் பண்டகசாலை,
பொது மருத்துவமனை.
(மாணவியின் தந்தை என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன். மருத்துவமனைக்கும் இந்த மனுவுக்கும் சம்பந்தமில்லை, ஒரே ஒரு முத்திரையைத் தவிர. அதைப் பத்தி 5-இல் விளக்கியுள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: உணவு ஆய்வு நாள் – ஆய்வுரை வழங்க மாணவர்களை அழைத்தது – என் மகளின் பெயரில் வந்த மறுப்பை விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டது – அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தது – அவள் பேச மீண்டும் வாய்ப்புக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. உணவு அறிவியல் துறையின் அழைப்புக் கடிதம், நாள் 6 (வந்து சேர்ந்தது 5).
2. மேற்படி துறையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, நாள் 8, முற்பகல் 11.20.
3. மேற்படி துறையின் அறிவிப்புப் பலகை, நான் நேரில் பார்த்தது, நாள் 18.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நின்றுகொண்டு படிக்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்து, பக்கங்களை எண்ணி, ஆறும் இருப்பதை உறுதிசெய்துகொண்டு படிக்கவும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையொப்பமிட்டுள்ளேன். நடுவில் ஒரு பக்கம் காணாமல் போனால் அது என் கையிலிருந்து போனது அல்ல.

1. நான் பொது மருத்துவமனையின் சமையற்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். அரிசி, காய்கறி, பால், ரொட்டி, முட்டை என நோயாளியின் வயிற்றுக்குப் போகும் எதுவும் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலே நல்லதை அடுக்கி அடியில் சொத்தையைத் திணிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, மேலே பளிச்சென்று இருக்கும் பெட்டியைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று எனக்குப் பெயர். 'ஸ்கேன் சார்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும். என் மனைவி சொல்வதையும் அப்படியே பதிவு செய்கிறேன்: "இவருக்குக் குழாய்ல தண்ணி வந்தாக்கூட, இன்னிக்கு எதுக்கு வருதுன்னு கேக்கத் தோணும்." பிறர் சொல்லித் தங்களுக்குத் தெரிவதை விட நானே சொல்லிவிடுவது நல்லது.

2. என் ஒரே மகள் உணவு அறிவியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறாள். படிப்பது வேறு கல்லூரியில். ஆய்வுக்காக எங்கள் மருத்துவமனையின் மூன்று வார்டுகளில், இருபத்தொரு நாள், மதிய உணவுத் தட்டு ஒவ்வொன்றையும் போகும்போதும் எடைபோட்டாள், திரும்பும்போதும் எடைபோட்டாள். நோயாளிகள் எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்பதே அவளுடைய ஆய்வு. அதற்கு அனுமதி கொடுத்தவன் நான்தான். அதில் எனக்கு ஓர் உள்நோக்கமும் இருந்தது. எங்கள் தலைமைச் சமையல்காரர், மாஸ்டர் என்று அனைவராலும் அழைக்கப்படுபவர், உப்பை அள்ளிக் கொட்டுகிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஆய்வில் அவர் மாட்டுவார் என்று காத்திருந்தேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறதாம்.

3. இம்மாதம் 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மகள் வெளியே போயிருந்தபோது அவள் பெயருக்குத் தங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. பிரித்தவன் நான். பிறர் தபாலைப் பிரிப்பது தவறு என்று தெரியும். எங்கள் வீட்டில் எதையும் பிரித்துப் பார்த்துதான் உள்ளே வைப்போம். உணவு ஆய்வு நாளன்று தன் ஆய்வைப் பற்றிப் பேச வருமாறு அவளை அழைத்திருந்தார்கள். கீழ்க்கண்ட காரணங்களால் எனக்குச் சந்தேகம் எழுந்தது:

(அ) கடிதத்தில் 6ஆம் தேதி போட்டிருந்தது. தபால் முத்திரையில் 4. என் கைக்கு வந்தது 5. அதாவது எழுதுவதற்கு முதல் நாளே வந்து சேர்ந்த கடிதம் அது. கையெழுத்திடும் நாளை முன்கூட்டியே அச்சடித்து வைப்பது வழக்கம் என்று பிறகு தங்கள் துறையில் விளக்கினார்கள். என் ஸ்டோரில் ஒருவர் நாளைத் தேதி போட்ட பாலைக் கொண்டுவந்து இதே விளக்கத்தைச் சொன்னால் அவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

(ஆ) முதல் வரியிலேயே "தங்களது மிகச் சிறப்பான ஆய்வு" என்று இருந்தது. என் மகள் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். அவளை ஒருமுறைகூடப் பார்க்காத உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

(இ) கட்டணம் இல்லை, மதிய உணவு உண்டு, வாகன வசதி உண்டு என்றிருந்தது. இப்படிச் சொல்லித் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

(ஈ) கூடவே இருந்த ஒரு படிவத்தில், ஆய்வு நடந்த இடத்தின் பெயர், அங்கே பொறுப்பாளராக இருந்தவரின் பெயர், அவருடைய கையொப்பம் ஆகியவை கேட்கப்பட்டிருந்தன.

4. திங்கட்கிழமை, 8ஆம் தேதி, என் கைப்பேசிக்கு ஒரு பெண் குரல் வந்தது. விண்ணப்பத்தில் பாதுகாவலர் எண் என்ற இடத்தில் என் எண்ணை மகள் எழுதியிருந்ததால் என்னிடம் பேசியதாகச் சொன்னார். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். உங்கள் ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று கேட்டபோது மட்டும், "ஒரு தண்ணி டேங்க் தெரியுது சார், போதுமா? பொண்ணு வருவாங்களா, மாட்டாங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்று குரலை உயர்த்தினார். உண்மையானவர் எதற்கு அவசரப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். எழுத்தில் பதில் வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5. மறுநாள் அந்தக் கடிதத்தை ஸ்டோருக்கு எடுத்துப் போனேன். முறையான சீட்டு இல்லாமல் வரும் சரக்கை என்ன செய்வோமோ அதையே அதற்கும் செய்தேன். "ஏற்கப்படவில்லை – திருப்பி அனுப்பப்படுகிறது" என்ற சிவப்பு முத்திரையைக் குத்தி, கீழே கையொப்பமிட்டு, அவர்களே அனுப்பியிருந்த பதில் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். இருபத்தாறு ஆண்டில் அந்த முத்திரையைக் குத்திவிட்டு நான் இரண்டாம் முறை யோசித்ததே இல்லை. அன்றும் யோசிக்கவில்லை.

6. இதற்கிடையில் என் மகள், "அப்பா, எனக்கு ஏதாவது தபால் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 5ஆம் தேதி முதல் 17ஆம் தேதி வரை என் கணக்கில் ஐந்து முறை கேட்டாள். மனைவியின் கணக்கில் அது ஒன்பது. ஒவ்வொரு முறையும் "இல்லம்மா" என்றேன். மின்னஞ்சலிலும் அழைப்பு அனுப்பியதாகத் துறையில் சொல்கிறார்கள். கல்லூரி அவளுக்குக் கொடுத்த மின்னஞ்சல் விடுமுறையில் முடங்கிக் கிடந்ததைக் கல்லூரியே ஒப்புக்கொள்கிறது. எனவே அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்கும் தங்கள் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் நான்.

7. 17ஆம் தேதி அவளுடைய பேராசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். எட்டுப் பேரைத்தான் அழைத்திருக்கிறார்கள், அதில் உன் பெயர் இருந்தது, இவ்வளவு பாடுபட்டுவிட்டு வேண்டாம் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டிருக்கிறார். அன்று பேசுகிறவர்களிலிருந்துதான் இரண்டு பேரை ஆய்வு மாணவர்களாகத் தங்கள் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் அவர்தான் சொன்னார். அது அழைப்பின் கடைசி வரியில் இருந்ததாம். நான் (ஈ)-யோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களாப்பா?" என்றாள். மறைத்துப் பயனில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். "தினமும் கேட்டேனேப்பா" என்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. தன் ஆய்வறிக்கையை என் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு மாற்றுத் துணிகளை எடுத்துக்கொண்டு அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அம்மாவிடம் போனில் பேசுகிறாள். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் வைத்துவிடுகிறாள்.

8. இனி என் புகாருக்கு வருகிறேன். நான் செய்தது தவறு. ஆனால் அதைத் தாங்கள் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்பதே என் கேள்வி. அழைக்கப்பட்டவள் இருபத்து மூன்று வயது மாணவி. பதிலில் இருந்த கையொப்பம் அவளுடையது அல்ல. அவள் விண்ணப்பம் தங்கள் கோப்பிலேயே இருக்கிறது; அதில் அவள் கையொப்பம் இருக்கிறது; ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அது போகட்டும். ஒரு மாணவியின் பதிலில் மருத்துவமனைப் பண்டகசாலையின் முத்திரை எப்படி வந்தது என்றாவது ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்வது என்றால் அங்கே ஆள் எதற்கு? சுருக்கமாகச் சொன்னால், என்னைப் போன்ற ஒருவனை நம்பியது தங்கள் துறையின் குற்றம்.

9. 18ஆம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வந்தேன். வாசலில் இருந்த காவலர் என் பை, பைக்குள் இருந்த டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸின் மூடி எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். தங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு முழுத் திருப்தி அளித்த ஊழியர் அவர் ஒருவரே. துறை இரண்டாம் மாடியில்தான் இருக்கிறது. தொலைபேசியில் பேசிய அம்மையாரின் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. நான் ஜன்னலை எட்டிப் பார்த்ததுமே நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "டேங்க பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அறிவிப்புப் பலகையில் பேசுபவர்களின் பட்டியல் இருந்தது. ஏழு பெயர்கள் ஒரே மாதிரி அச்சு. எட்டாவது பெயர் மட்டும் சற்று மங்கல். பிஸ்கட் எத்தனை நாளில் நமுத்துப் போகிறது என்று ஆராய்ந்த ஒரு மாணவியின் பெயர் அது. காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். அந்தப் பட்டியல் முன்பே இருந்ததா, பிறகு எழுதப்பட்டதா என்று கேட்டேன். கோப்பைத் திறந்து காட்டினார்கள். முன்பே இருந்தது.

அதே கோப்பில் நான் திருப்பி அனுப்பிய கடிதமும் இருந்தது. அவசரத்தில் எங்கே குத்துகிறேன் என்று நான் பார்த்திருக்கவில்லை. முத்திரை என் மகளின் பெயர் மேலேயே விழுந்திருந்தது. அழுகிய தக்காளிப் பெட்டியின் மேல் குத்துகிற அதே முத்திரை. அந்த அம்மையார் கோப்பை மூடினார். என்னால் அங்கே மேற்கொண்டு உட்கார முடியவில்லை.

10. பத்தி 3-இல் (ஈ) என்பதை ஒரே வரியில் தாண்டிப் போனேன். தாங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால் மறுபடியும் ஒருமுறை பார்க்கவும். மற்ற மூன்றுக்கும் நான் காரணம் எழுதியிருக்கிறேன், அதற்கு மட்டும் எழுதவில்லை. பொறுப்பாளர் என்பவன் நான்தான். ஒரு மருத்துவமனையின் தட்டுகளில் இவ்வளவு உணவு வீணாகிறது என்று நூறு பேர் கூடிய கூடத்தில் ஒருவர் எழுந்து சொல்லி, அதன் கீழே என் கையொப்பமும் இருந்தால் மேலிடம் என்னைச் சும்மா விடுமா என்று பயந்தேன். இந்த ஆய்வு நாளே என்னை மாட்டவைக்க யாரோ செய்த ஏற்பாடோ என்றுகூட ஒரு நாள் முழுவதும் நினைத்திருந்தேன். மகளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். காப்பாற்றிக்கொண்டது என்னை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மனு முழுமையாகாது.

11. அவள் வைத்துவிட்டுப் போன அறிக்கையைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். முப்பத்து நான்கு பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு தவறு கிடைத்தது. பதினான்காம் நாளில் பதினொரு தட்டுகளுக்கு மூடியின் எடையைக் கழிக்க மறந்திருக்கிறாள். கிடைத்தது என்று வட்டம் போட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சரிசெய்து கூட்டினால் முடிவு மாறுமா என்று மூன்று முறை கணக்குப் போட்டேன். மாறவில்லை.

ஒன்பதாம் பக்கம் அந்த மூடியைப் பற்றியது. அதைத் தங்களுக்கு விளக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தட்டுகள் சமையற்கூடத்திலிருந்து வார்டுக்குப் போகும் வழியில் முட்டைகள் குறைந்தன. தள்ளுவண்டி தள்ளுபவர்கள் மேல் எனக்குச் சந்தேகம். யாரும் எளிதில் திறக்க முடியாதபடி, இரண்டு பக்கமும் கொக்கி வைத்த மூடிகளை நான்தான் வாங்க வைத்தேன். தட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலால் கொக்கியை நெம்ப வேண்டும். முட்டை குறைவது அதோடு நின்றது. மேலிடம் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. சாப்பிடாமல் வரும் தட்டுகளுக்குச் சமையற்கூடத்தைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக, பதிவேட்டில் "நோயாளி உண்ண மறுத்தார்" என்று ஒரு கட்டமும் போட்டு வைத்தேன்.

இருபத்தொரு நாளில் மூடி திறக்கப்படாமலே திரும்பிய தட்டுகள் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறிலும் "மறுத்தார்" என்று டிக் போட்டிருக்கிறது. கீழே என் சுருக்கொப்பம். என் மகள் பதிவேட்டை நம்பவில்லை. அந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறாள். அவர்களில் எழுபத்தொரு பேருக்கு ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, அல்லது கட்டுப் போட்டிருந்தது, அல்லது மணிக்கட்டில் பலம் இல்லை. ஓர் அம்மாள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்: "திறக்க வரலம்மா. ரெண்டு தடவ பெல் அடிச்சேன். நர்ஸும் எத்தனை பேரத்தான் பாப்பாங்க? அப்புறம் பசியே போயிடுச்சு."

அவர்கள் யாரும் உணவு வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. சொன்னதாக நான் எழுதி வைத்திருக்கிறேன்.

12. அப்போதும் நான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் தேதி, சனிக்கிழமை, ஸ்டோரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திறந்து பார்த்தேன். முதல் முறை கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. இரண்டாம் முறை தட்டு சுழன்றது. மூன்றாம் முறை தட்டு தரையில் விழுந்து உருண்டது; அப்போதும் மூடி திறக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், "ஊசி குத்தாத உங்களுக்கே இந்தப் பாடு சார்" என்றார். உப்பு விஷயத்தில் அவர்மேல் நான் கொண்டிருந்த சந்தேகத்தை அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

13. மூடிகளை மாற்றித் தருமாறு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, 22ஆம் தேதி முதல் எல்லா மூடிகளிலும் ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றிவிட்டோம். திறக்காமல் திரும்பும் தட்டுகள் அன்றிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. நேற்று வியாழக்கிழமை இரண்டு முட்டை காணாமல் போயின. யார் எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: "நோயாளியின் உணவு குறையாமல் நோயாளிக்கே போய்ச் சேர வேண்டும் என்பதே பண்டகசாலைப் பொறுப்பாளரின் நோக்கம். அவர் அனுமதிக்காமல் இந்த ஆய்வு நடந்திருக்காது." அப்பாவுக்காகப் பூசி மெழுகியிருக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். தேதியைப் பார்த்தேன். அவள் அதை எழுதியது மூன்று மாதம் முன்பு. அவளுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லாத நாளில், மூடியைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகு எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியக் கூடாது என்று அவள் எதையும் மறைத்து வைக்கவில்லை. நான்தான் மூன்று மாதமாகப் படிக்கக் கேட்கவில்லை.

14. எனவே தாங்கள் கனிவுடன் பரிசீலிக்க வேண்டியவை:

முதலாவது, 9ஆம் தேதியிட்ட மறுப்பு என் மகளுடையது அல்ல, அவளுக்குத் தெரியாமல் நான் அனுப்பியது என்று கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு அவள் வேறு எதற்கு விண்ணப்பித்தாலும், அழைத்தபோது வராதவள் என்ற பேச்சு வரக் கூடாது.

அடுத்து, அடுத்த மாதம் 3ஆம் தேதி நடக்கும் ஆய்வு நாளில் அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். பிஸ்கட் ஆராய்ந்த பெண்ணை எடுத்துவிட வேண்டாம். "அந்தப் பொண்ணத் தூக்கிட்டு என்னப் போடச் சொல்லி எதுவும் எழுதிடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று என் மகள் அவள் அம்மா மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒன்பது நாளில் அவளிடமிருந்து எனக்கு வந்த ஒரே செய்தி அது. நேரம் எங்கிருந்து வரும் என்று தாங்கள் கேட்கலாம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். வரவேற்புரை, தொடக்கவுரை, அறிமுகவுரை என்று பதினைந்து பதினைந்து நிமிடமாக மூன்று இருக்கின்றன. மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள் என்பது என் சந்தேகம். அதில் பத்து நிமிடம் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மேலும், ஆய்வு நடந்த இடமும் பொறுப்பாளரின் பெயரும் கேட்டிருந்த, என்னிடமே தங்கிவிட்ட அந்தப் படிவத்தை நிரப்பி, என் கையொப்பத்துடன் இணைத்துள்ளேன். மூடியை வாங்க வைத்தவர் யார் என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். மேலிடத்தில் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் ஏழாம் பக்கத்தைத் திருத்திவிட்டுப் பேசினால் நல்லது. அதை மட்டும் அவளிடம் யாராவது சொல்லுங்கள்.

15. கடைசியாக ஒன்று. இந்த மனுவைத் தபாலில் அனுப்பாமல் நானே நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்வேன். ஆனால் இதற்கான பதிலை என்னிடம் கொடுக்க வேண்டாம். என் வீட்டு முகவரிக்கும் அனுப்ப வேண்டாம். என் எண்ணுக்கும் கூப்பிட வேண்டாம். அவள் சித்தி வீட்டு முகவரியும் அவளுடைய புதிய எண்ணும் ஒட்டிய உறையில் உள்ளன. என் மனைவி எழுதி ஒட்டியது, நான் பிரித்துப் பார்க்கவில்லை. நானே வந்து நின்று, அவள் அப்பாதான் என்று அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அவள் கையொப்பத்தை வாங்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு வர விருப்பமில்லை என்று அவள் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். அதை அவள் வாயால் சொல்லட்டும் ஐயா.

நாள்: 26, வெள்ளிக்கிழமை
இடம்: சமையற்கூடப் பண்டகசாலை

தங்கள் பதிலுக்கு அல்ல, தங்கள் செயலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மாணவியின் தந்தை